டீச்சர்மாருக்குப் பிள்ளையாக இருந்த நாள்

எங்கள் பக்கத்தில் எந்த விழாவுக்கும் முதலில் வந்து சேர்வது ஒலிபெருக்கிதான். கோயில் திருவிழாவோ, கல்யாணமோ, சனசமூக நிலையத்துக் கூட்டமோ, வாசலில் நிற்கும் மரத்தில் குழாயை ஏற்றி றோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ஊருக்குக் கேட்காவிட்டால் விழா நடந்ததென்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வேலையைத்தான் நான் நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் மேல் வகுப்புகளில் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கம். போகவில்லை. மைக்கைச் சரிசெய்து மற்றவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் இருந்துவிடலாம் என்பதால் இந்தத் தொழில் எனக்கு ஒத்துவந்தது. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட நான் "ஹலோ" சொல்வதில்லை. விரலால் தட்டிப் பார்ப்பேன்.

வடமராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு ஒரு சனிக்கிழமை என்னை அழைத்திருந்தார்கள். பல பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலோ வெளியிலோ நடக்கும் கொடுமைகளை, கவனிப்பாரில்லாமல் விடப்படும் பிள்ளைகளை, ஆசிரியர் எப்படிக் கண்டுகொள்வது, கண்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. அடுத்த சனிக்கிழமையும் தொடரும் என்றார்கள். நான் வழக்கம்போல வேப்பமரத்தில் குழாயை ஏற்றி றோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். விளக்கேற்றினார்கள், தேவாரம் பாடினார்கள், கல்வி அதிகாரி ஒருவர் நெடுநேரம் பேசினார். எல்லாம் சந்திவரைக்கும் கேட்டது.

அதிகாரி போனபின் வகுப்பு நடத்துபவர் எழுந்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த அம்மா. சின்ன வகுப்புகளுக்குப் பல காலம் படிப்பித்தவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். பருத்திச் சேலை, தோளில் துணிப்பை. மைக்கை வாங்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணை, உந்தக் குழாயை நிப்பாட்டேலுமோ?"

"உள்ளுக்கும் ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி இருக்கு, மிஸ். குழாய் ஊருக்கு."

"ஊருக்குக் கேக்க வேண்டியது கேட்டு முடிஞ்சுது. இனிக் கதைக்கிறது இந்த மண்டபத்தோடை நிக்கோணும்."

குழாயின் வயரைக் கழற்றினேன். உள்ளே இருந்த பெட்டிகளும் வேண்டாம் என்றார். மைக்கும் வேண்டாம். எல்லோரையும் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வரச் சொன்னார். என் வேலை அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் மாலையில் நன்றியுரைக்கு மைக் தேவை என்று பள்ளிக்கூடத்தார் சொன்னதால் பின்பக்கம் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்படி இருந்ததால்தான் அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்குக் கிடைத்தது.

அவர் முதலில் கேட்டது இது: "விடிய வரவு இடாப்புக் கூப்பிடுறம். பிள்ளை 'ஓம் டீச்சர்' எண்டுது. அதுக்குப் பிறகு அண்டைக்கு அந்தப் பிள்ளையை நாங்கள் பாத்தனாங்களோ?"

மீசை வைத்த கணித ஆசிரியர் ஒருவர் எழும்பினார். "மிஸ், எனக்குக் கட்டுக்கட்டாய்ப் பேப்பர் திருத்தக் கிடக்கு. இதுக்குள்ளை ஒவ்வொரு பிள்ளையின்ரை கையைப் பாக்கிறதோ, காலைப் பாக்கிறதோ?"

"பேப்பரைத் தரேக்கை கை வருந்தானே சேர். அந்த நேரம் பாக்கலாம்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நாங்கள் போடுற அடி?" என்றார்.

"அதுவுந்தான் சேர்."

"சேரின்ரை கைக்கு இண்டையோடை பென்சன்" என்று பின்னாலிருந்து ஓர் ஆசிரியை சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் எழும்பிப் போகவும் இல்லை.

அந்த அம்மா எதையும் பயங்காட்டிச் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கூடச் சாப்பாட்டை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னார். யாராவது கையை உயர்த்தினால், அது கரும்பலகை துடைப்பதற்கென்றாலும், தலையைக் குனிகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னார். மணி அடித்தபிறகும் புத்தகத்தை அடுக்கி, திரும்பவும் எடுத்து அடுக்கி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிற பிள்ளையைப் பற்றிச் சொன்னார். கெட்டிக்காரப் பிள்ளை, குழப்படி இல்லாத பிள்ளை என்று நாங்கள் மெச்சுகிற பிள்ளை சிலவேளை பயத்தில் அப்படி இருக்கலாம் என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது. குழப்படி இல்லாத பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

தேத்தண்ணிக்குப் பிறகு நடித்துப் பழகலாம் என்றார். ஓர் ஆசிரியர் பிள்ளையாக இருப்பார், இன்னொருவர் அந்தப் பிள்ளையோடு கதைக்க வேண்டும். ஆனால் பிள்ளையாக இருக்க ஓர் ஆசிரியருக்கும் வரவில்லை. ஒருவர் பிள்ளையாக வந்து, நடந்ததை முகவுரை முடிவுரையோடு தெளிவாகச் சொல்லி முடித்தார். இன்னொருவர் தனக்கு உதவி செய்ய எந்தெந்த அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று தானே எடுத்துச் சொன்னார்.

"என்ன சேர், பிள்ளையா வந்தும் படிப்பிக்கிறியள்" என்று அந்த அம்மா நெற்றியில் கை வைத்தார். அப்போது அவருடைய கண் என் பக்கம் திரும்பியது.

"அண்ணை, ஒருக்கா வாறியளோ?"

வயர் சுற்ற வேண்டும் என்றேன். சுற்றுவதற்கு வயரே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கதைக்காமல் இருக்கிறதுதான் வேலை."

அந்த வேலை எனக்குத் தெரியும். போனேன்.

முதலாம் வகுப்புக் கதிரை ஒன்றில் என்னை இருத்தினார்கள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அவர் என் காதுக்குள் சொன்னார்: "உங்கடை காலிலை ஒரு காயம் கிடக்கு. எப்பிடி வந்ததெண்டு சொல்லப் பயம். ஆருக்காவது சொல்லலாமெண்டு மனம் வந்தால் சொல்லுங்கோ. வராட்டி விடுங்கோ. நடிக்க வேண்டாம்."

முதலில் மீசைக்காரர் வந்தார். எனக்கு முன்னால் நெடுப்பமாக நின்றார். "என்ன காயம் உது? ஆர் அடிச்சது? பயப்பிடாமல் சொல்லு!"

பயப்படாமல் என்ற சொல்லையே அதட்டித்தான் சொன்னார். விளையாட்டு என்று தெரிந்தும் என் கண் நிலத்துக்குப் போய்விட்டது.

அடுத்ததாக ஓர் ஆசிரியை குனிந்து, கையில் ஒரு டொபியை நீட்டினார். "சொல்லுங்கோ குஞ்சு. டீச்சர் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். பிள்ளையாரடி சத்தியம்."

"உந்தச் சத்தியத்தை உங்களாலை காப்பாத்தேலுமோ, டீச்சர்?" என்று அம்மா கேட்டார். "பிள்ளை சொன்னால் நாங்கள் உதவி செய்யிற ஆக்களுக்குச் சொல்லத்தான் வேணும். பேந்து பிள்ளை என்ன நினைக்கும்? இவையும் ஏமாத்தினவை எண்டு நினைக்கும்." ஆசிரியை டொபியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு போய் இருந்தார்.

மூன்றாவதாக ஒரு சின்னப் பாடசாலையின் அதிபர் வந்தார். வயதானவர், நெற்றி நிறையத் திருநீறு, நல்ல மனுசன் என்று பார்த்தவுடன் தெரியும். என் தோளில் கை வைத்து அன்பாகக் கதைத்தார். "நீ நல்ல குடும்பத்துப் பிள்ளையெல்லோ. ஒண்டுக்கும் யோசியாதை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் கதைக்கிறன், என்ன?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊர்களில் அதுதான் முறை. பிள்ளையில் ஏதாவது கண்டால் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லுவார். எல்லோரும் தெரிந்தவர்கள், பாதிப்பேர் சொந்தக்காரர். கோயிலிலோ கடையிலோ கண்டு இரண்டு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும்.

அம்மா மட்டும் தலையாட்டவில்லை. "சேர் 'வீட்டுக்காரர்' எண்டு சொன்னவுடனை அண்ணை என்ன செய்தவர், பாத்தனீங்களோ?"

ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கே தெரியாது. நான் கதிரையோடு சேர்த்துப் பின்னுக்குப் போயிருந்தேன். நிலத்துத் தூசியில் கதிரைக் கால் இழுபட்ட கோடு தெரிந்தது.

"காயம் வந்தது அந்த வீட்டிலை எண்டால்?" என்று அவர் கேட்டார்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஓர் ஆசிரியை எழும்பினார். முப்பது வயதளவில் இருக்கும். அந்த அதிபரின் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படிப்பிப்பவர். கைக்குட்டையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ், சேர் இப்ப நடிச்சுக் காட்டினதை நான் உண்மையாவே செய்துபோட்டன். என்ரை வகுப்பிலை..."

"பேர் வேண்டாம், டீச்சர்" என்று அம்மா கையை உயர்த்தினார். "ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ எண்டும் வேண்டாம். ஒரு பிள்ளை. அது காணும்."

ஒரு பிள்ளை. தாய் தகப்பன் கிட்ட இல்லை, உறவுக்காரர் வீட்டில் வளர்கிறது. பின்னங்காலில் கோடு கோடாகத் தழும்பு இருந்ததை ஆசிரியை கண்டிருக்கிறார். நல்லெண்ணத்தில், கோயில் வீதியில் அந்த வீட்டுக்காரியைக் கண்டபோது, பிள்ளையின் காலை ஒருக்கால் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து சில நாள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது கால் மூடி உடுத்திக்கொண்டு வந்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளை பின்வாங்குக்குப் போய்விட்டது. ஆசிரியை கிட்டப் போனாலே, கேட்பதற்கு முன்பே, "ஒண்டுமில்லை டீச்சர்" என்கிறது. இப்போது வீட்டுக்காரர் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போவதாக விடுகைப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள்.

"அது போட்டுதெண்டால் பிறகு அந்தக் காலைப் பாக்க ஒருத்தரும் இல்லை, மிஸ்" என்று சொல்லி அவர் அழுதார்.

நான் அந்தச் சின்னக் கதிரையிலேயே இருந்தேன். எழும்புவதா இருப்பதா என்று தெரியவில்லை. அம்மா ஆசிரியைக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "நீங்கள் பாத்தனீங்கள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவாவது கிடைச்சிருக்கு" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "வாங்கோ. திங்கக்கிழமை அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுவியள்? அண்ணைக்குச் சொல்லிப் பாருங்கோ."

ஆசிரியை வந்தார். மற்றவர்களைப்போல முன்னால் நிற்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். சேலை தூசியாகும் என்று பார்க்கவில்லை. நான் பார்க்கிற பக்கத்தையே அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அண்டைக்கு நான் வீட்டை சொன்னபடியால் உனக்குத்தான் கஷ்டமாப் போச்சுது போலை. அது டீச்சற்றை பிழை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

ஆசிரியர் ஒருவர் பிள்ளையிடம் தன் பிழை என்று சொல்லி நான் வாழ்நாளில் கேட்டதில்லை. என் காலத்தில் அது நினைத்தும் பார்க்க முடியாத விசயம். அங்கிருந்த ஆசிரியர்களும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. காயம் இல்லை, கதை இல்லை, சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் "ஓம்" என்றேன்.

"காணும்" என்றார் அம்மா. "இவ்வளவுதான் எங்கடை வேலை. துருவிக் கேக்கிறது எங்கடை வேலையில்லை. அதுக்குப் பழகின ஆக்கள் இருக்கினம். பிள்ளை சொன்னதைக் கேளுங்கோ, நம்புங்கோ, உதவி செய்யிற ஆக்களுக்குச் சொல்லப்போறன் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுச் சொல்லுங்கோ."

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். நான் வேப்பமரத்தில் ஏணி வைத்துக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அந்த அதிபரும் ஆசிரியையும் அங்கே வந்து நின்றார்கள். நான் விலகப் பார்த்தேன், ஏணியில் நின்றதால் முடியவில்லை.

"அவையள் நல்ல ஆக்கள், மிஸ்" என்றார் அதிபர். "எங்கடை அபிவிருத்திச் சங்கத்திலை..."

"சேர்" என்று அம்மா இடைமறித்து, கண்ணால் என்னைக் காட்டினார். அதிபர் நிறுத்திக்கொண்டார். நான் நினைத்தால் யார் என்று ஊகித்திருக்கலாம். ஊகிக்காமல் இருக்க அன்றைக்குப் பழகத் தொடங்கினேன்.

"நல்ல ஆக்களாவே இருக்கட்டும்" என்றார் அம்மா. "அதை நீங்களும் நானும் தீர்மானிக்கத் தேவையில்லை. கண்டதை மட்டும் சொல்லுவம். சொல்ல வேண்டிய ஆள், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், பிரதேச செயலகத்திலை இருக்கிறா. சனிக்கிழமையும் போன் எடுப்பா."

"பேந்து நான் ஊரிலை தலை காட்டேலாது."

"உங்கடை தலையைப் பாக்க ஊர் இருக்கு, சேர். பிள்ளையின்ரை காலைப் பாக்க ஆர் இருக்கினம்?"

அதிபர் பார்சலைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அதை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, சேட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். "என்னத்தைச் சொல்லித் தொடங்கிறது, மிஸ்?"

"நான் இன்ன பாடசாலை அதிபர், எங்கடை பிள்ளை ஒண்டைப் பற்றிப் பயமாக் கிடக்கு எண்டு தொடங்குங்கோ."

அவர் அப்படியே தொடங்கினார். இடையில் நிறுத்தவில்லை. நான் ஏணியின் மேலேயே, இறங்கும் சத்தம் அவரைக் குழப்பிவிடும் என்று, குழாயைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவுதான். ஒரு கோயிலில் மூன்றாம் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். மேளக்காரருக்கு மைக் வைக்க மறந்துபோய் ஏச்சு வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை குழாயைக் கட்டவில்லை. வகுப்புத் தொடங்கியவுடன் அந்த ஆசிரியை எழும்பினார். பெயரோ ஊரோ இல்லாமல் சொன்னார். உத்தியோகத்தர் வருவதற்கு முன் பின்வாங்கில் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்து, பழகியதை அப்படியே சொல்லியிருக்கிறார். பிள்ளை பதிலே சொல்லவில்லையாம். "அண்ணை மாதிரி 'ஓம்' எண்டுகூடச் சொல்லேல்லை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் உத்தியோகத்தர் வந்தபோது, டீச்சர் பக்கத்தில் இருந்தால் கதைக்கிறேன் என்றதாம். ஆசிரியையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதைத்ததாம். என்ன கதைத்தது என்று ஆசிரியை சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. வைத்தியரிடம் காட்டினார்கள், வழக்கு நடக்கிறது, இப்போதைக்குத் தாய்வழி உறவுக்காரர் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

"விடுகைப் பத்திரம்?" என்று மீசைக்காரர் கேட்டார்.

அதிபர் எழும்பாமலே சொன்னார். "பிள்ளை நிண்ட வீட்டுக்காரர் சங்கத்து ஆக்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் குடுக்கேல்லை."

"என்ன சொன்னனீங்கள், சேர்?"

"அதிகாரி சொல்லாமல் தரேலாது எண்டன். கத்தினவை. எனக்குக் கால் நடுங்கினது. நல்ல காலம், மேசைக்குக் கீழை கிடந்தபடியால் அவையளுக்குத் தெரியேல்லை."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இந்த முறை விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட எங்களுக்கு ஆக்கள் வரமாட்டினம்" என்றார்.

"பந்தலை நாங்கள் வந்து போடுறம், சேர்" என்றார் மீசைக்காரர். "பென்சன் எடுத்த கை சும்மாதானே கிடக்கு."

பலர் கை தட்டத் தொடங்கினார்கள். அம்மா வேண்டாம் என்று சைகை காட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் முதல்முறையாகக் கண்டேன். உடனே பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

வகுப்பு முடிந்தபோது மழை கறுத்துக்கொண்டு வந்தது. அந்த ஆசிரியை ஒரு பெரிய பையோடு பஸ்ஸுக்கு நின்றார். பிள்ளையின் புத்தகங்களும் உடுப்பும் பழைய வீட்டில் நின்றுவிட்டதால், மற்ற ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கியதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார் என்று அதிபர் எனக்குச் சொன்னார். அந்தப் பக்கம் போகும் பஸ் எப்போது வரும் என்று தெரியாது. "பட்டாவிலை ஏத்திக்கொண்டு போய் விடுமன்" என்றார். பட்டா என்பது நான் சாமான் ஏற்றும் சின்ன லொறி. ஒரு பெண்ணைத் தனியே முன்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பையின் பாரத்தைப் பார்த்து ஓம் என்றேன்.

வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி, ஒரு சின்னச் சந்தி வந்ததும் ஆசிரியை, "அண்ணை, இதிலை இறக்கிவிடுங்கோ" என்றார். நாலு பக்கமும் ஒழுங்கைகள் பிரிந்து போயின. துளி விழத் தொடங்கியிருந்தது.

"மழை வருது, டீச்சர். வீட்டு வாசலிலை விடுறன்."

"வேண்டாம் அண்ணை. இதிலை காணும்."

எனக்கும் விளங்கியது. எந்த வீடு என்று எனக்குத் தெரியக்கூடாது. என்னில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. எனக்குத் தெரியாமல் இருந்தால் நாளைக்கு என்னிடம் கேட்பவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. போன மாதம் கோயில் வீதியில் வைத்து வெள்ளை மனதோடு கதைத்தவர்தான், இப்போது மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பிள்ளையின் வாசலைக் காக்கிறார்.

பையை இறக்கிக் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் எடுத்துக்கொண்டு, நான் புறப்படும்வரை அசையாமல் நின்றார். வண்டியைத் திருப்பினேன். பக்கக் கண்ணாடியில் அவர் நிற்பது தெரிந்தது. கையை நீட்டிக் கண்ணாடியை மடக்கிவிட்டு, வந்த வழியே மெதுவாக ஓட்டினேன்.